கேபிளின் கடைசி மூடி

மகனே,

போன வாரம் நீ போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னதற்கெல்லாம் நான் "சரி, பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதைச் சம்மதம் என்று நீ எடுத்துக்கொண்டிருப்பாய். பெண்கள் சும்மா இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நம் வீட்டு ஆண்களுக்குப் பழக்கம்தான். நீ சொன்னதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், சரியாகக் கேட்டேனா என்று பார்த்துக்கொள். நீ கட்டிக்கொள்ளப்போகிற ரோஸ்லின் வேலை செய்கிற பெங்களூர் ஆபீசில் அவளுக்கு மேலே இருக்கிறவர்களில் ஒருவன் உன் கல்லூரிச் சிநேகிதன், பெயரைக்கூடச் சொன்னாய். அவனிடம் சொல்லி அவளுக்கு வரவேண்டிய புது வேலையை வேறு ஒருத்திக்கு மாற்றியிருக்கிறாய். அவளை நைட் ஷிப்டில் போட வைத்திருக்கிறாய். அவளுக்கு ஒன்றும் தெரியாது. "கல்யாணத்துக்குள்ள அவளே சலிச்சுப்போயி தானா வேலைய எழுதிக் குடுத்துருவாம்மா. நாம விடச் சொன்ன மாதிரியே இருக்காது" என்றாய். அதோடு விட்டாயா? நான் அவளைக் கூப்பிட்டுப் புத்தி சொல்ல வேண்டும் என்றாய். "நீயும் எனக்காக நல்ல வேலைய விட்டவதானே, நீ சொன்னா கேப்பா" என்றாய். கடைசியில், இது நமக்குள்ளேயே இருக்கட்டும் என்றும் சொன்னாய்.

நான் உனக்காக வேலையை விடவில்லை. இதை நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பொய்யில் நீ கொழுத்து வளர்ந்திருக்கிறாய். பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் "என் தாயின் தியாகம்" என்று நீ பேசிக் கோப்பை வாங்கி வந்த நாளில் உன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அடுப்படியில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நீ சின்னப் பையன் என்று விட்டேன். பிறகு அவர் நோயாளி என்று விட்டேன். பிறகு அவரை அடக்கம் செய்துவிட்டோம், செத்தவரைப் பற்றிப் பேசக் கூடாது என்று விட்டேன். இப்போது நீ அவர் செய்ததை அப்படியே செய்துவிட்டு என்னிடமே வந்து பெருமையடிக்கிறாய். இதற்கு மேலும் சும்மா இருந்தால் என்னைவிடக் கேடுகெட்டவள் யாரும் இருக்க முடியாது.

எண்பதுகளின் பிற்பகுதி. ஓசூர் அப்போது நம் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கே இயந்திரங்களுக்கு உதிரிபாகங்கள் வரைந்து வார்க்கிற ஒரு தொழிற்சாலையில் உன் அப்பா டிராப்ட்ஸ்மேன், படம் வரைகிறவர். நான் கணக்கு படித்தவள். வரைபலகைகளை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் கொண்டுவரப் போகிறார்கள், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று தெரிந்ததும் அவர்தான் என்னை அழைத்துப் போய் மேனேஜர் முன்னால் நிறுத்தினார். இந்த நன்மையை நான் மறைக்கவில்லை. பெங்களூரில் பயிற்சி கொடுத்தார்கள். காலையில் மாரண்டஹள்ளியில் ஒரே பஸ்ஸில் ஏறுவோம். நான் முன்னால் பெண்கள் சீட்டில், அவர் பின்னால். ராயக்கோட்டை தாண்டும்போது ஒருமுறை எட்டிப் பார்த்து, உட்கார இடம் கிடைத்ததா என்று சைகையில் கேட்பார். முதல் சில மாதங்கள் அப்படிப் போயின. அந்த மாதங்களை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

நீ கம்ப்யூட்டர் படித்தவன்தான், ஆனால் அந்தக் காலத்து மெஷினை நீ பார்த்திருக்க மாட்டாய். வரைகிற ஹாலில் மூன்று மெஷின்கள். மூன்றுக்கும் பெரிய திரை உண்டு, புத்தி உண்டு, ஆனால் சொந்தமாக டிஸ்க் கிடையாது. ஒரு வரைபடத்தைக்கூடத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது. எல்லாம் தொழிற்சாலையின் மறுகோடியில், என் அறையில் இருந்த சர்வரின் டிஸ்க்கில். காலையில் சுவிட்சைப் போட்டதும் மெஷின் தன் நம்பரை ஒயரில் கூவி, தன் பெயர் என்ன என்று சர்வரிடம் கேட்கும். சர்வர் பெயரைச் சொல்லி, கிளம்புவதற்கான சரக்கையும் கொடுத்தால்தான் அது எழுந்திருக்கும். நடுவில் சர்வரோடு தொடர்பு அறுந்தால் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது கை மரத்துப்போன மாதிரி அப்படியே நின்றுவிடும். சர்வர் பதில் சொல்லவில்லை, இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு வரி திரையில் வரும். தொடர்பு திரும்பியதும் ஒன்றுமே நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரும். இந்த நல்ல குணம்தான் என்னைக் கொன்றது.

மூன்று மெஷினையும் சர்வரையும் கோத்துக்கொண்டு ஒரே கறுப்புக் கேபிள் போகும். அதன் இரண்டு முனையிலும் கட்டைவிரல் நுனி அளவு ஓர் உலோக மூடி திருகியிருக்கும். டெர்மினேட்டர் என்று பெயர், ஹாலில் எல்லோருக்கும் அது மூடிதான். ஒரு முனை என் அறையில். மறுமுனை ஹாலின் கடைசி மேசைக்கு அடியில், உன் அப்பாவின் மெஷினுக்குப் பின்னால். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வழக்கம்போல எல்லா இயந்திரங்களையும் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தார்கள். நாம் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் என்றாலும் பொரிகடலைக்கு நாங்களும் நின்றோம். கழற்ற வருவதையெல்லாம் கழற்றித் துடைப்பதுதான் அங்கே பூஜைக்கு முந்தின நாள் வேலை. துடைக்க வந்த முனியம்மா அந்த மூடியையும் கழற்றிப் பளபளவென்று துடைத்து, ஸ்பேனர், திருப்புளியோடு தாம்பாளத்தில் வைத்துவிட்டாள். விடுமுறை முடிந்து வந்தால் ஒரு மெஷினும் எழவில்லை. அரைநாள் தேடி, எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் குங்குமப் பொட்டோடு அதைக் கண்டுபிடித்தேன். எல்லோரையும் நிற்கவைத்துப் பாடம் வேறு எடுத்தேன். இந்த மூடி இல்லையென்றால் ஒயரில் போகிற சேதி முனையில் முட்டித் திரும்பி வந்து, பின்னால் வருகிற சேதியைக் கெடுத்துவிடும், ஒன்று கழன்றால் மூன்றும் படுத்துவிடும் என்று விளக்கினேன். மேனேஜர் கைதட்டினார். உன் அப்பா கடைசியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதை அன்று முழுசாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

அன்றிலிருந்து கேண்டீனில் அவருக்கு ஒரு பெயர் வந்தது. "சிஸ்டம் அம்மா வூட்டுக்காரரு." ஃபோர்மேன்கூட அப்படித்தான் கூப்பிட்டாராம். பஸ்ஸில் எட்டிப் பார்ப்பது நின்றது. வீட்டில் ஒருநாள் சோற்றில் உப்பு கூடிவிட்டதென்று தட்டைத் தள்ளிவிட்டு, உன்னைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிடு என்றார். முடியாது என்றேன். பையன் ஏங்கிப்போகிறான் என்றார். பக்கத்து வீட்டில் நீ பம்பரம் விட்டுக்கொண்டிருந்தாய், ஏங்கியதாகத் தெரியவில்லை என்றேன். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒத்துக்கொண்டுவிட்டார் என்று நான் முட்டாள்தனமாக நினைத்தேன்.

பிறகுதான் மெஷின்கள் மதியத்தில் நிற்க ஆரம்பித்தன. போன் வரும், ஓடுவேன். என் அறைக்கும் ஹாலுக்கும் நடுவே முழு வார்ப்புக்கூடத்தையும் கடக்க வேண்டும். மூச்சு வாங்கக் கதவைத் திறந்தால் மூன்றும் ஓடிக்கொண்டிருக்கும். திரும்பி என் நாற்காலியில் உட்காருவதற்குள் மறுபடி போன். டிஸ்க் நிரம்பிவிட்டதோ என்று பார்த்தேன், பாதிதான் நிரம்பியிருந்தது. எலி கடித்திருக்கும் என்று கேபிளை முழம் முழமாகத் தடவிப் பார்த்தேன். ஸ்டெபிலைசரை மாற்றினேன். பக்கத்துக் கூடத்து வெல்டிங்தான் ஒயரைக் கலைக்கிறது என்று சந்தேகப்பட்டு, மதியத்தில் வெல்டிங் வேண்டாம் என்று கெஞ்சி, அவர்களிடம் ஏச்சு வாங்கினேன். வெளிநாட்டு ஆர்டர் ஒன்று தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. கைதட்டிய அதே மேனேஜர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஏம்மா, நாங்க பலகையிலயே வரைஞ்சிருந்தா இந்நேரம் முடிச்சிருப்போமே" என்றார். சிரித்தவர்களில் உன் அப்பாவும் உண்டு. அன்று சாயங்காலம் பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவரே எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார். முடியவில்லையென்றால் விட்டுவிடேன், யார் உன்னைக் குறை சொல்லப் போகிறார்கள் என்று தலையைத் தடவினார். அந்தக் கையை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

விடவில்லை. கேபிளைக் கூறு போட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். என்னிடம் உபரியாக ஒரு மூடி இருந்தது. முதல் மெஷினோடு கேபிளை நிறுத்தி அங்கேயே மூடியைப் போட்டேன். ஒரு கோளாறும் இல்லை. இரண்டாவதைச் சேர்த்தேன், அப்போதும் இல்லை. உன் அப்பாவின் மெஷினைச் சேர்த்த அன்றே மதியம் எல்லாம் நின்றது. அவர் மெஷினில்தான் குறை என்று நினைத்து, பெங்களூரிலிருந்து வேறு போர்டு வரவழைத்துப் போட்டேன். மறுபடியும் நின்றது. இந்த முறை நான் போனுக்காகக் காத்திருக்கவில்லை, ஹாலிலேயே கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நின்றது, சற்று நேரத்தில் ஓடியது. நேராகப் போய்க் கடைசி மேசைக்கு அடியில் மண்டியிட்டு அந்த மூடியைத் தொட்டேன். ஏசி ஹாலில் மேசைக்கால், கேபிள், மெஷினின் முதுகு எல்லாம் சில்லென்று இருந்தன. மூடி மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. சட்டைப்பையில், நெஞ்சோடு ஒட்டிக் கிடந்த சூடு. மேலே நிமிர்ந்தேன். உன் அப்பா திரையைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார். அவர் காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். அவர் மறுக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "தானா விட்டுருவேன்னு நெனச்சேன் புள்ள. நான் விடச் சொன்ன மாதிரி இருக்கக் கூடாதுன்னுதான்" என்றார். நீ போனில் சொன்ன அதே வார்த்தைகள், மகனே. உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மறுநாள் காலையிலேயே மேனேஜர் அறைக்குப் போனேன். உன் அப்பா முந்தின பஸ்ஸிலேயே வந்து எனக்கு முன்னால் அங்கே உட்கார்ந்திருந்தார். என் மனைவிக்கு உடம்பு சரியில்லை, பையனையும் பார்க்க ஆளில்லை, விலகிக்கொள்கிறாள் என்று சொல்லி முடித்துவிட்டிருந்தார். நான் மூடியின் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். மேனேஜர் என் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தார். "ரெண்டு மூணு வாரமா தூக்கமே இல்லீங்க சார் இவளுக்கு. என்னென்னமோ தோணுது" என்றார் உன் அப்பா, மிகவும் பரிவாக. மேனேஜரும் பரிவாகத் தலையாட்டினார். "உங்க வூட்டுக்காரரே சொல்றாருங்களேம்மா" என்றார். அவ்வளவுதான். எனக்கு வேலை போனது, கூடவே பைத்தியக்காரி என்ற பெயரும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், பெண்கள் என்னிடம் குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினார்கள். நீ அப்போது அவர் தோளில் உட்கார்ந்து தலைமுடியைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருப்பாய்.

சர்வர் அவர் கைக்குப் போனது. சிஸ்டம் அம்மா வூட்டுக்காரருக்குத் தெரியாததா என்று கொடுத்தார்கள். நான்தான் அவளுக்கே சொல்லிக்கொடுத்தேன் என்று அவரும் சொல்லிவைத்திருந்தார். மெஷின் பெயரைக் கேட்கும் என்றேனே, அதற்குப் பதில் சொல்ல சர்வரில் தனியாக ஒரு நிரல் இருந்தது. மற்றதெல்லாம் கரண்ட் போய் வந்தால் தானாகக் கிளம்பும், அது மட்டும் கிளம்பாது. நிறுவியவர் அதை வரிசையில் சேர்க்க மறந்திருந்தார். ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் நான்தான் ஒரு வரி அடித்துக் கிளப்புவேன். அப்படி ஒன்று இருப்பதே வேறு யாருக்கும் தெரியாது. நான் விலகிக் கொஞ்ச காலத்தில் நீண்ட மின்வெட்டு ஒன்று வந்தது. அன்று சாயங்காலம் அவர் வெளுத்த முகத்தோடு வந்தார். சர்வர் நன்றாக ஓடுகிறதாம், மெஷின்கள் மட்டும் பெயரைக் கேட்டுக் கேட்டு அப்படியே நிற்கின்றனவாம். எனக்குக் கேட்டவுடனே தெரிந்துவிட்டது. அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷம் உன்னைப் பெற்ற அன்றுகூட வரவில்லை. இதை எழுதக் கூசவில்லை.

அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கேபிளாக இருக்குமா? பாருங்கள் என்றேன். முழுக் கேபிளையும் கழற்றி மாட்டினார். மூடியா? பாருங்கள். அதையும் பார்த்தார். டிஸ்க்கா? இருக்கலாம் என்றேன். அவர் கேட்காத ஒன்றே ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. மெஷின் விற்ற பெங்களூர்க்காரர்களோடு இருந்த பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்காமல் கிடந்ததால் அவர்களும் வரவில்லை. வரைபடமெல்லாம் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது, திறந்து பார்க்கத்தான் ஒருவருக்கும் வழியில்லை. நாளுக்கு நாள் அவர் சட்டை தொளதொளத்துப்போனது. நான் வேளாவேளைக்குச் சோறு போட்டேன், உப்பும் சரியாகப் போட்டேன்.

கடைசியில் அவரே கேட்டுவிட்டார். "உனக்குத் தெரியும்தானே? தெரிஞ்சுக்கிட்டுத்தானே என்னைய இப்படி அலைய விடுற?"

"தெரியுங்க," என்றேன். "நாளைக்கு நானும் கூட வர்றேன். மூடிய கழட்டுனது நான்தான், அவ பைத்தியம் இல்லீங்கன்னு மேனேஜர்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள மெஷின் மூணும் எந்திரிச்சிரும்."

அவர் நெடுநேரம் யோசித்தார். உன் பள்ளிக்கூடம், ஓசூரில் நாம் கட்ட நினைத்த வீடு, அவர் படித்த படிப்பு எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது, அவருக்கும் அது தெரியும். "அது மட்டும் என்னால முடியாது" என்றார். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து படுத்துவிட்டார். நானும் கதவைச் சாத்தினேன். அந்த ஆர்டர் கைநழுவிப் போனது. அவரை முதலில் ஸ்டோருக்குத் தள்ளினார்கள், பிறகு வெளியே தள்ளினார்கள். அதற்கப்புறம் மாரண்டஹள்ளித் தக்காளி மண்டியில் அவர் கூடை எடை பார்த்ததும், நீ கான்வென்ட்டிலிருந்து நின்றதும், கம்பெனி நலிந்து ஆட்குறைப்பு செய்ததாக அவர் உன்னிடம் சொன்னதும் உனக்குத் தெரிந்த கதை. பொண்டாட்டியிடம் தோற்பதைவிடத் தக்காளிக் கூடை தூக்குவது அவருக்குச் சுலபமாக இருந்தது. உன்னையும் அந்த வறுமைக்குள் சேர்த்துத் தள்ளியதில் எனக்கும் பங்கு உண்டு. ஒரு வரி அடித்திருந்தால் போதும், அடிக்கவில்லை. இன்று அதே நிலை வந்தாலும் அடிக்க மாட்டேன். நீ என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

உனக்குப் புத்திமதி சொல்லித்தான் இந்த மாதிரிக் கடிதங்களை முடிப்பார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். ஒருத்தியை வேலையை விடச் சொல்ல வேண்டுமென்றால் முகத்துக்கு நேராகச் சொல். அவள் சண்டை போடுவாள், ஒருவேளை தோற்பாள், ஒருவேளை நீ தோற்பாய், இருவரும் உயிரோடு இருப்பீர்கள். அவள் காலடியிலிருந்து யாருக்கும் தெரியாமல் ஒன்றை உருவிவிட்டு, அவள் தடுமாறும்போது தலையைத் தடவாதே. அப்படிச் செய்தவரோடு அவர் சாகும்வரை நான் ஒரே கூரைக்குக் கீழே இருந்தேன். அவர் நல்லவர் என்று ஊரே சொன்னது. எனக்கு அவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூடப் பிடிக்கவில்லை. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் அவருக்கு நான் ஊட்டிவிட்டபோது அன்பு என்று நீ படம் பிடித்தாய். அன்பில்லை. கடமைகூட இல்லை. எப்போதாவது அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட மாட்டாரா என்று வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லாமலேயே போய்விட்டார்.

மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு உங்கள் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று சாமியார் படிக்கும்போது, இந்த வாரம் நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் அப்பாவுக்கு யோசிக்க நேரம் கொடுத்தேன். அதில் அவர் மேலும் கல்லானதுதான் மிச்சம். அதனால் உனக்கு நேரம் கொடுக்கவில்லை. நேற்று பஸ் ஏறி ரோஸ்லின் வீட்டுக்குப் போனேன். பாவம், நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்பினார்கள். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. வேலையில் என்மேல்தான் ஏதோ குறை போலிருக்கிறது அத்தை, என்னவென்றே பிடிபடவில்லை என்று அவளாகவே ஆரம்பித்தாள். குறை அவளிடம் இல்லை என்று சொன்னேன். நீ செய்ததைச் சொன்னேன், என் கதையையும் சொன்னேன். அவள் அழவில்லை, உன்னைத் திட்டவும் இல்லை. உனக்குப் போன் போடட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். போர்வையை மடித்து வைத்துவிட்டு, "ஆபீசுல அந்தச் சிநேகிதரு பேரு என்னங்க அத்தை?" என்று மட்டும் கேட்டாள்.

சொன்னேன்.

அம்மா